மானுக்கு லைட் புல்லட் வாங்கறதுக்கு முன்னாடி

மான் வேட்டைக்கு ரைஃபிள் வாங்கினவங்க கேக்குற கேள்வி பெரும்பாலும் ஒரே அச்சுலதான் வருது. "243-ல 80 கிரெயின் போதுமா, இல்ல 100 தான் போடணுமா?" "308-க்கு 130 வாங்கலாம்னு இருக்கேன், ரொம்ப லைட்டா இருக்குமோ?" (243, 308 எல்லாம் கேலிபர், அதாவது புல்லட்டோட குறுக்களவு, 0.243 இன்ச், 0.308 இன்ச்; கிரெயின்ங்கறது புல்லட்டோட எடை.) நான் போதும், போதாதுன்னு எதுவும் சொல்லாம பெட்டி மேல வேற என்ன எழுதியிருக்குன்னு திருப்பிக் கேப்பேன். முக்கால்வாசி பேருக்கு அது தெரியாது, எடை மட்டும்தான் ஞாபகம் இருக்கும். புல்லட்டோட பேரு, உள்ள ஈயமா செம்பா, ஜாக்கெட்ங்கற மேலுறை மெல்லிசா தடிப்பா, எந்த வேகத்துக்குன்னு செஞ்சது, இதெல்லாம் யாரும் பாக்குறதே இல்ல. ஆனா மானோட விலா எலும்புல போய் படும்போது வேலை செய்யறது இதெல்லாம்தான். எடை அதுக்கு அப்புறம்தான்.

இதை நீளமா எழுதிடலாம்னு தோணிச்சு. லைசென்ஸ், பர்மிட், சீசன் எல்லாம் இருக்குற இடத்துல சட்டப்படி வேட்டைக்குப் போறவங்களுக்கான பதிவு இது, மத்தவங்களுக்கு இதுல வேலை இல்ல.

கிரெயின் கணக்கு தெரியாதவங்களுக்கு ஒரு வரி: 7000 கிரெயின் ஒரு பவுண்டு, ஒரு கிராமுக்கு சுமாரா 15.4 கிரெயின். அப்போ 150 கிரெயின்னா 10 கிராமுக்குக் கொஞ்சம் கம்மி, 80 கிரெயின்னா 5 கிராம் சொச்சம். நாம அடிச்சுக்குற 20 கிரெயின் சண்டை எல்லாம் ஒண்ணேகால் கிராம் சொச்சத்துக்காகத்தான்.

ஏன் லைட்டா வேணும்னு கேட்டா முதல்ல வர்ற பதில் உதை, அதாவது சுடும்போது துப்பாக்கி தோளைப் பின்னாடி இடிக்கறது. பையனுக்கோ பொண்ணுக்கோ முதல் ரைஃபிள், தோள்ல ஆபரேஷன் ஆனவரு, ஒல்லியான உடம்பு, இல்ல சும்மாவே உதை பிடிக்காதவரு. எல்லாமே நியாயமான காரணம், ஏன்னா உதைக்கு பயந்தவன் ட்ரிகரை அழுத்த மாட்டான், கண்ணை இறுக்கி மூடிட்டு சுண்டுவான், அந்தச் சுண்டல்ல நாலு இன்ச் தள்ளிப் போற புல்லட் எவ்வளவு நல்ல புல்லட்டா இருந்தும் புண்ணியம் இல்ல. ஆனா லைட் புல்லட் போட்டா உதை தானா குறைஞ்சிடும்னு நம்புறாங்க பாருங்க, அங்கதான் கணக்கு உதைக்குது.

ஸ்கோப்போட சேத்து ஏழரை பவுண்டு இருக்குற ஒரு 308-ஐ எடுத்துக்கோங்க. 150 கிரெயின் புல்லட் செகண்டுக்கு 2820 அடி வேகத்துல போனா உதை சுமாரா 17 ஃபுட் பவுண்டு (எனர்ஜியை அளக்குற கணக்கு) வரும். அதையே 130 கிரெயினா மாத்தி 3000 அடிக்குத் தள்ளினா 16 கிட்ட வரும். ஒரே ஒரு ஃபுட் பவுண்டு! காரணம் சிம்பிள், புல்லட் லைட்டாச்சு ஆனா வேகம் ஏறிடுச்சு, வெடிமருந்தும் கொஞ்சம் கூடப் போட்டாச்சு, அந்த மருந்தும் வாயுவா மாறி முன்னாடி பாயும்போது துப்பாக்கியைப் பின்னாடி தள்ளத்தான் செய்யும். உதை நிஜமாவே குறையணும்னா வேகத்தையும் குறைக்கணும். ஹார்னடி கஸ்டம் லைட்ன்னு ஒண்ணு வருது, 308-ல 125 கிரெயின் எஸ்எஸ்டிங்கற ஈய புல்லட், 2675 அடி. அதே துப்பாக்கியில அது 11 ஃபுட் பவுண்டு பக்கம்தான் உதைக்கும், கிட்டத்தட்ட ஒரு 243 அளவுக்கு. தோளுக்கு வித்தியாசம் தெரியணும்னா இந்த மாதிரி லோடு (புல்லட்டும் மருந்தும் சேந்த தோட்டா) வாங்குங்க, இல்ல கேலிபரையே மாத்துங்க. வெறும் எடையை மட்டும் ஒரு படி இறக்கிட்டு முழு மருந்தோட சுட்டா தோளுக்குப் பெருசா ஒண்ணும் தெரியாது.

அடுத்த காரணம் "ஃப்ளாட்டா போகும்". போகும்தான், எவ்வளவுன்னு பாக்கணும். மேல சொன்ன அதே ரெண்டு 308 லோடையும் 200 யார்டுல ஜீரோ பண்ணிட்டு (குறி வச்ச இடத்துலயே படுற மாதிரி ஸ்கோப்பை சரி பண்ணிட்டு) 300 யார்டுல பாத்தா 130 கிரெயின் சுமாரா ஒரு இன்ச் மேல படும். மானோட நெஞ்சுப் பகுதியில உயிர்நிலை எட்டு இன்ச்சுக்குக் குறையாது. அந்த ஒரு இன்ச்சுக்காக யாரும் புல்லட் மாத்த வேண்டியதே இல்ல. அதுக்கு மேல தூரம் போனா லைட் புல்லட்டோட வேகம் சீக்கிரம் செத்துடும், காத்துலயும் கூடத் தள்ளும். 130 கிரெயின் 3000-ல கிளம்பி, 150 கிரெயின் 2820-ல கிளம்பி, ரெண்டும் 400 யார்டு போறப்போ கிட்டத்தட்ட ஒரே வேகத்துல, 2000 அடி பக்கத்துல வந்து நிக்கும். முன்னாடி வாங்கின 180 அடி லாபம் வழியிலேயே கரைஞ்சாச்சு. எனர்ஜியும் அப்படித்தான், பேரல் வாயில ஒண்ணுக்கு 2600, இன்னொண்ணுக்கு 2650, அதைப் பெரிய வித்தியாசம்னு சொல்ல முடியாது.

வேகத்தைக் காட்டி புல்லட் விக்கறது இன்னிக்கு நேத்து வந்த பழக்கம் இல்ல. 1915-ல சாவேஜ் கம்பெனி 250-3000 ன்னு ஒரு தோட்டாவை வெளியிட்டாங்க. டிசைன் பண்ணது சார்லஸ் நியூட்டன். மானுக்கு 100 கிரெயின் புல்லட் வைக்கலாம்னு அவர் நினைச்சாரு. ஆனா 100 கிரெயினை வச்சா அந்தக் காலத்து மருந்துல 3000 அடி தாண்டாது, 87 கிரெயின் வச்சா தாண்டும். விளம்பரத்துல 3000ன்னு போடணும்னு கம்பெனிக்கு ஆசை, அதனால 87-ஐயே வச்சாங்க, தோட்டாவோட பேர்லயே 3000-ஐ சேத்துட்டாங்க. சின்ன மானுக்கு அது வேலை செஞ்சதுதான். ஆனா பெரிய மிருகத்துக்கும், எலும்புல படுற ஷாட்டுக்கும் அந்தக் காலத்து 87 கிரெயின் மெல்லிசா இருக்குன்னு ஆளுங்களுக்குப் புரிஞ்சதுக்கு அப்புறம் 100 கிரெயின் லோடுதான் மானுக்கு சரின்னு ஆச்சு. நூறு வருஷம் ஆகியும் பெட்டி மேல அதே வேகத்தைத்தான் பெரிய எழுத்துல போடுறாங்க, நாமளும் அதைத்தான் முதல்ல பாக்குறோம்.

பெரியவங்க "மானுக்கு 150 போடு, லைட்டா எல்லாம் வேண்டாம்"ன்னு சொன்னது அவங்க காலத்துக்கு முழுக்க சரி. அப்போ இருந்த புல்லட் எல்லாம் ஈயக் கட்டி, மேல செம்பு ஜாக்கெட், அவ்வளவுதான். அது மானுக்குள்ள போனதும் முனை காளான் மாதிரி விரியும், விரிஞ்ச ஈயம் துண்டு துண்டா உதிரும். வேகம் கூடக் கூட உதிர்றதும் கூடும். பாதி எடை உள்ளயே கரைஞ்சிடும்னு தெரிஞ்சே, கரைஞ்சது போக மிச்சம் இருக்கட்டும்னு எடை கூடுதலா இருந்து ஆரம்பிச்சாங்க. அதோட ஒரே கேலிபர்ல லைட் எடை புல்லட் எல்லாம் கீரி, நரி, முயல் மாதிரி சின்ன உருப்படிக்குன்னு மெல்லிசு ஜாக்கெட் போட்டுத்தான் வந்துச்சு. அதனால எடையைப் பாத்தாலே கட்டுமானம் தெரிஞ்சுது, கனமானது உறுதியானது, லைட்டானது உடையறது. இன்னிக்கு அந்தக் கணக்கு செல்லாது, ஆனா அறிவுரை மட்டும் அப்படியே ஓடிட்டிருக்கு.

கணக்கு மாறினது ரெண்டு கட்டமா. 1946-ல ஜான் நோஸ்லர்ன்னு ஒருத்தர் கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியாவுல மூஸ்ங்கற ராட்சச மான் ஒண்ணை சுடுறாரு, சேறு காஞ்சு அப்பியிருந்த தோள்ல பட்ட புல்லட் எல்லாம் மேலேயே உடைஞ்சு நிக்குது, உள்ள இறங்கல. அந்தக் கடுப்புல அவர் யோசிச்சதுதான் பார்ட்டிஷன் புல்லட், ஜாக்கெட்டுக்கு நடுவுல குறுக்க ஒரு செம்புச் சுவர், முன்பாதி ஈயம் விரிஞ்சு உதிர்ந்தாலும் பின்பாதி சுவருக்குப் பின்னால பத்திரமா உள்ள போயிட்டே இருக்கும். அடுத்தது 1989-ல பார்ன்ஸ் கம்பெனியோட எக்ஸ் புல்லட், அதுல ஈயமே கிடையாது, மொத்தமும் செம்பு. முனையில ஒரு குழி, பட்டதும் நாலு இதழா பின்னாடி மடங்கும், எதுவும் உதிராது. அப்புறம் அது டிஎஸ்எக்ஸ் ஆச்சு, பிளாஸ்டிக் முனை வச்சு டிடிஎஸ்எக்ஸ் ஆச்சு, மத்த கம்பெனிகளும் ஆளுக்கொரு செம்பு புல்லட் கொண்டு வந்தாச்சு.

இப்போ இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. சாதா ஈய புல்லட் 150 கிரெயின், கிட்டத்துல எலும்புல பட்டு வேகமா விரிஞ்சா பாதி எடைதான் மிச்சம் இருக்கும், 75, 80 கிரெயின். 130 கிரெயின் செம்பு புல்லட்டை மானோட அந்தப் பக்கத் தோலுக்கு அடியில இருந்து எடுத்து தராசுல வச்சா அநேகமா 130-க்குப் பக்கத்துலயே நிக்கும், ஒரு இதழ் ஒடிஞ்சிருந்தா கொஞ்சம் குறையும். அப்போ உள்ள போகும்போது லைட்டா இருந்தது எது, வெளிய வரும்போது லைட்டா இருந்தது எது? "செம்பு வாங்கினா எடையில ஒரு படி இறங்கு"ன்னு சொல்றது இதனாலதான், 150 போட்டவன் 130, 100 போட்டவன் 80 அல்லது 85.

அந்தத் தோலுக்கு அடியில கிடைக்குற புல்லட்டைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா எனக்கு இதுல பிடிச்ச வேலையே அதுதான். தோலை உரிக்கும்போது அந்தப் பக்கத்துல வெளிய போகாம ஒரு சின்ன முடிச்சா தட்டுப்படும், விரலால தடவினா கெட்டியா நகரும், கத்தி முனையால கீறினா டப்புன்னு விழும். செம்பு புல்லட்டா இருந்தா கழுவினதும் நாலு இதழும் தனித்தனியா தெரியும், நுனி கூர்மையா இருக்கும், கையைக் கிழிச்சிடும், பாத்து எடுங்க. அடிப்பகுதியில பேரலோட கோடுகள் அப்படியே சாய்வா பதிஞ்சிருக்கும். ஈய புல்லட்டா இருந்தா வேற கதை, ஜாக்கெட் ஒரு பக்கம் சுருண்டு, ஈயம் அதுல ஒட்டியும் ஒட்டாமலும், சில சமயம் ஜாக்கெட் மட்டும் தனியா கிடைக்கும், ஈயம் எங்க போச்சுன்னே தெரியாது. எந்த எடை, எந்த தூரம், எந்த எலும்புன்னு ஒரு சீட்டுல எழுதி புல்லட்டோட சேத்து வச்சிடுங்க. நீங்க சுட்ட துப்பாக்கியில அந்த புல்லட் எப்படி நடந்துக்குதுன்னு எந்த விளம்பரமும் அதை விட தெளிவா சொல்லாது.

சரி, பெட்டிக்கு வருவோம். 243-ல 80-லேர்ந்து 90 கிரெயின் வரைக்கும் கடையில என்னென்ன கிடைக்குதுன்னு பாத்தா சிரிப்பு வரும். 80 கிரெயின் டிடிஎஸ்எக்ஸ், முழுச் செம்பு, மானுக்கு அருமையானது. 85 கிரெயின் பார்ட்டிஷன், அதுவும் மானுக்குத்தான். பக்கத்துலயே 87 கிரெயின் வி-மேக்ஸ், இந்த மூணுல கனமானது அதுதான், ஆனா அது சின்ன பிராணிகளுக்குன்னு பட்டவுடனே வெடிச்சு சிதறுற மாதிரி செஞ்சது. எடையை மட்டும் பாத்து "87 தானே பெருசு, அதையே எடுப்போம்"ன்னு எடுத்தவன் மூணுலயும் தப்பானதை எடுத்துட்டான். 308-லயும் இதே கூத்துதான், 110 கிரெயின் வி-மேக்ஸும் இருக்கு, 110 கிரெயின் டிடிஎஸ்எக்ஸும் இருக்கு, எடை ஒண்ணு, குணம் ரெண்டு. வி-மேக்ஸை மட்டமான புல்லட்னு நான் சொல்லல, அது செஞ்ச வேலைக்கு அது பிரமாதம். மானோட தோள்பட்டை எலும்புல அது பட்டா மேலேயே ஒரு பெரிய பள்ளமா காயம் ஆகும், நுரையீரல் வரைக்கும் போகாம நின்னுடும், மான் ஓடிடும், ரெண்டு நாள் கழிச்சு எங்கயோ புதருக்குள்ள கிடந்து சாகும். வேட்டைக்காரன் கெட்ட பேரு வாங்கறது இந்த மாதிரி விஷயத்துலதான்.

இதுல இன்னொரு மறைவான பொறி இருக்கு, அது 300 பிளாக்அவுட்ங்கற தோட்டா. அதுவும் 308 அளவு புல்லட்தான் போடும், ஆனா வேகம் 2300, 2400 அடிதான். அந்த மெதுவான வேகத்துலயும் விரியணும்னு அதுக்குன்னே தனியா 110, 120 கிரெயின்ல புல்லட் செய்யறாங்க, முனைக்குழி பெருசா, சீக்கிரம் திறக்குற மாதிரி. தோட்டாவை சொந்தமா நிரப்பி ரீலோட் பண்றவங்க "இதுவும் 308 தானே, இதுவும் மானுக்குத்தானே"ன்னு அந்த புல்லட்டை முழு 308 தோட்டாவுல வச்சு 3000-க்கு மேல தள்ளினா, அதுக்கு யோசிக்காத வேகத்துல போய் பட்டு இதழ் எல்லாம் ஒடியலாம். தலைகீழாவும் நடக்கும், 3000 அடிக்குன்னு செஞ்ச இறுக்கமான செம்பு புல்லட்டை மெதுவான லோடுல போட்டா விரியாமலே சின்ன ஓட்டையா புகுந்து போயிடும்.

ஆக கேக்க வேண்டியது, மான் மேல படும்போது இது எவ்வளவு வேகத்துல இருக்கும், அந்த வேகம் இந்த புல்லட்டுக்கு ஒத்துவருமா? கீழ் எல்லை ஒண்ணு இருக்கு, சாதா ஈய புல்லட்டுக்கு 1800 அடி பக்கம், செம்புக்கு நான் 2000-த்துக்குக் கீழ விடவே மாட்டேன், சில கம்பெனி அதை விட கம்மி போட்டாலும் சரி. மேல் எல்லையும் இருக்கு, அதைத்தான் யாரும் பேச மாட்டேங்குறாங்க. சாதா ஈய லைட் புல்லட் 30 யார்டுல 3000 அடி வேகத்துல மான் மேல பட்டா என்ன ஆகும்னு இறைச்சியைப் பாத்தா தெரியும், அந்தப் பக்க சப்பை முழுக்க ரத்தம் கட்டி கருஞ்சிவப்பு கூழா இருக்கும், கத்தியால வழிச்சு எறியறதைத் தவிர வழி இல்ல. புதருக்குள்ள உக்காந்து கிட்டத்துல சுடுறவங்களுக்கு வேகமே எதிரி, அவங்களுக்கு ஒண்ணு உதை கம்மியான மெதுவான லோடு, இல்ல செம்பு. செம்புல இறைச்சி வீணாகறது நிஜமாவே கம்மி, எலும்புல படாத ஷாட்டா இருந்தா காயத்துக்கு ரெண்டு விரல் தள்ளியே நல்ல கறி ஆரம்பிச்சிடும்.

செம்பை தலையில தூக்கி வச்சு ஆடுறேன்னு நினைக்காதீங்க, அதுல ரெண்டு குறை இருக்கு. வெளிய போற ஓட்டை சின்னதா இருக்கும், ஈயம் மாதிரி உள்ள சிதறாது, அதனால மான் சுட்ட இடத்துலயே விழாம அம்பது நூறு யார்டு ஓடறது சகஜம், ரத்தத் தடமும் முதல் இருபது யார்டுல கண்ணுக்குத் தெரியாம போகலாம். அதுக்குத் தகுந்த மாதிரி குறியைக் கொஞ்சம் முன்னாடி, முன்னங்காலுக்கு நேர் மேல, உடம்போட கீழ் மூணுல ஒரு பங்குல வைக்கணும், விலாவுக்குப் பின்னாடி வைக்கறதை விட்டுடணும். தோள் எலும்பை உடைச்சிட்டுப் போகத்தான் அந்த புல்லட்டை வாங்கியிருக்கோம், அதுக்கு வேலை குடுங்க. ரெண்டாவது குறை நீளம். ஈயத்தோட அடர்த்தி 11.3, செம்போட அடர்த்தி 9-க்குக் கீழ, அதனால ஒரே எடையில செம்பு புல்லட் நீளமா இருக்கும். நீளமான புல்லட் நேரா பறக்கணும்னா வேகமா சுத்தணும், பேரலுக்குள்ள இருக்குற புரி (சுருள் கோடு) இறுக்கமா இருக்கணும்.

புரி ஒரு முழு சுத்து சுத்த எத்தனை இன்ச் ஆகுதுங்கறதுதான் ட்விஸ்ட், இந்த ட்விஸ்ட் விவகாரத்துல ஒரு பழைய பாடம் உண்டு. 1955-ல ஒரே வருஷத்துல வின்செஸ்டர் 243-ஐயும் ரெமிங்டன் 244-ஐயும் கொண்டு வந்தாங்க, ரெண்டும் 6 எம்எம். வின்செஸ்டர் 10 இன்ச்சுக்கு ஒரு சுத்து வச்சாங்க, 100 கிரெயின் புல்லட் நல்லா போச்சு. ரெமிங்டன் 12 இன்ச்சுக்கு ஒரு சுத்து வச்சு 75, 90 கிரெயின்ல நிறுத்திட்டாங்க. மான் வேட்டைக்காரங்களுக்கு 100 கிரெயின் வேணும், அவங்க 243 பக்கம் போயிட்டாங்க. 1963-ல ரெமிங்டன் அதே தோட்டாவை 9 இன்ச் ட்விஸ்டோட 6 எம்எம் ரெமிங்டன்னு பேரை மாத்தி விட்டுப் பாத்தாங்க, ஆனா போன கூட்டம் திரும்பல. பழைய 12 இன்ச் ட்விஸ்ட் துப்பாக்கி கையில வச்சிருக்கறவங்களுக்கு லைட் புல்லட் தவிர வேற கதி இல்லைன்னு அர்த்தம், அதுலயும் நீளமான செம்பை விட பார்ட்டிஷன் மாதிரி ஈயம் இருக்குறது நல்லா குரூப் பண்ண (ரவுண்டு எல்லாம் பக்கத்துல பக்கத்துல பட) வாய்ப்பு அதிகம். உங்க பேரல்ல என்ன ட்விஸ்ட்னு பேரல் மேலயோ மேனுவல்லயோ இருக்கும், இல்லைன்னா கிளீனிங் ராட்ல இறுக்கமா ஒரு துணி மாட்டி உள்ள தள்ளி, ராட் முழுசா ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள எத்தனை இன்ச் உள்ள போச்சுன்னு அளந்துடலாம்.

செக்ஷனல் டென்சிட்டி பத்தி சொல்லலன்னா யாராவது சண்டைக்கு வருவாங்க. பவுண்டுல இருக்குற எடையை, இன்ச்சுல இருக்குற குறுக்களவோட வர்க்கத்தால வகுக்குற கணக்கு, 243-ல 100 கிரெயினுக்கு 0.242, 80-க்கு 0.194. 0.2-க்குக் கீழ மானுக்கு ஆகாதுன்னு ஒரு விதி சுத்திட்டிருக்கு. மானுக்குள்ள போனதும் விரிஞ்சு குறுக்களவு ரெட்டிப்பாகுது, எடை குறையுது, அப்புறம் அந்த 0.242 எங்க இருக்கு? ஒரே மாதிரி கட்டுமானம் உள்ள ரெண்டு புல்லட்டை ஒப்பிடத்தான் அந்த நம்பர் உதவும். அதுக்கு மேல அதை நான் மதிக்கறது இல்ல.

சட்டம் மட்டும் எடையை மதிக்குது, அதனால நாமளும் மதிச்சே ஆகணும். அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல மானுக்கு குறைஞ்சது 70 கிரெயின், எல்க்ங்கற பெரிய மானுக்கு 85, கேலிபர் 0.24 இன்ச்சுக்குக் கீழ கூடாது, 100 யார்டுல 1000 ஃபுட் பவுண்டு எனர்ஜி இருக்கணும், விரியற புல்லட்டா இருக்கணும். ஜெர்மனியில எடையைக் கேக்க மாட்டாங்க, ரோங்கற சின்ன மானுக்கு 100 மீட்டர்ல 1000 ஜூல், மத்த பெரிய குளம்பு மிருகங்களுக்கு 6.5 எம்எம் கேலிபரும் 2000 ஜூலும், அதனால அங்க சிவப்பு மானுக்கு 243 கொண்டு போகவே முடியாது, எந்த புல்லட் போட்டாலும். ஸ்காட்லாந்து கதை நம்ம விஷயத்துக்கு நேரா வருது. அங்க ரோ மானை விட பெரிய மானுக்கு குறைஞ்சது 100 கிரெயின்னு ரொம்ப நாளா இருந்துச்சு. 243 வச்சிருக்கறவங்க ஈயத்தை விட்டுட்டு செம்புக்கு மாறணும்னா 100 கிரெயின் செம்பு அவங்க பேரல்ல நீளம் ஜாஸ்தியாகி ஒழுங்கா பறக்காது, 80 போட்டா சட்டம் இடிக்கும். 2023-ல அந்த எல்லையை 80-க்கு இறக்கிட்டாங்க. டென்மார்க்ல 2024 ஏப்ரல்லேர்ந்து வேட்டை ரைஃபிளுக்கு ஈய புல்லட்டே தடை, கலிஃபோர்னியாவுல 2019 ஜூலையிலேர்ந்து எல்லா வேட்டைக்கும் ஈயம் கூடாது, அங்க குடலையும் மிச்சத்தையும் தின்ன காண்டார் கழுகுங்க ஈய விஷத்துல செத்ததுதான் ஆரம்பம். அதனால லைட் புல்லட் இனிமே விருப்பம் இருந்தா எடுக்குற விஷயமா மட்டும் இருக்கப் போறதில்ல, பல இடத்துல செம்பு வந்தா கூடவே லைட்டும் வந்துடும். நீங்க போற இடத்தோட விதிப் புத்தகத்தை அந்த வருஷத்துக்கானதா எடுத்துப் படிச்சிடுங்க, போன வருஷத்துது வேண்டாம்.

எந்த மான்ங்கறதும் இருக்கு. ரோ மான் முப்பது கிலோவைத் தாண்டறதே அபூர்வம், அதுக்கு 243-ல எந்த ஒழுங்கான மான் புல்லட்டும் ஏகப்பட்டது. வெள்ளைவால் மான் ஆண் நூறு கிலோவுக்கு மேலயும் போகலாம், பக்கவாட்டுல நின்னா 80 கிரெயின் செம்பு தாராளமா அந்தப் பக்கம் வெளிய போகும். சிவப்பு மான், எல்க் எல்லாம் வேற ஜாதி, அதுக்கு லைட் எடையில போறதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன், முடியும்னு சொல்றவங்க இருக்காங்க, அவங்க சாமர்த்தியம். லைட் புல்லட் மன்னிக்காத ஒரே விஷயம் கோணம். மான் நேரா எதிர்ல பாத்து நிக்குது, இல்ல பின்புறத்தைக் காட்டிட்டு லேசா திரும்பியிருக்குது, புல்லட் வயித்துக் குடலைத் தாண்டி நெஞ்சுக்குப் போகணும்னா நீளமான பயணம். கனமான பார்ட்டிஷன் அதைச் செய்யும். 243-ல 85 கிரெயின் சில சமயம் செய்யும், சில சமயம் செய்யாது. அந்த "சில சமயம்" போதாது, மான் பக்கவாட்டுல திரும்பற வரைக்கும் காத்திருங்க, திரும்பலன்னா விட்டுடுங்க.

நான் என்ன போடுவேன்னு கேட்டா: 243-ல 80 அல்லது 85 செம்பு, ஈயம்தான் வேணும்னா 85 பார்ட்டிஷன். 308-ல 130 செம்பு முழு வேகத்துல. புதுசா கத்துக்குறவங்க கையில குடுக்குற 308-ன்னா 125 எஸ்எஸ்டி மெதுவான லோடு, 150 யார்டுக்குள்ள. 270-ல 130 ஈயம் 1925-லேர்ந்தே மானுக்கு நல்லாத்தான் இருக்கு, அதைக் கெடுத்துக்க வேண்டாம். 223-ஐ சில இடங்கள்ல மானுக்கு அனுமதிக்குறாங்க, அதுல 60 கிரெயினுக்கு மேல மானுக்குன்னு செஞ்ச புல்லட்டா பாத்துப் போட்டு பொறுமையா சுடுறவங்களுக்கு அது வேலை செய்யும், ஆனா முதல் மான் சுடப் போறவங்களுக்கு நான் குடுக்க மாட்டேன்.

எதை வாங்கினாலும் சரி, ஈயத்துலேர்ந்து செம்புக்கு மாறும்போது பேரலை முழுசா கழுவிட்டு ஆரம்பிங்க, பழைய படிவு மேல செம்பு ஓடினா குரூப் கண்டபடி விரியும், புல்லட் மேல பழி விழும். முதல் நாலஞ்சு ரவுண்டு வீணாப் போகட்டும், அதுக்கு அப்புறம் வர்ற குரூப்பைப் பாத்து முடிவு பண்ணுங்க. ஸ்கோப் ஜீரோவும் கட்டாயம் மாறும், 150-லேர்ந்து 130-க்கு வந்தா 100 யார்டுல ஒண்ணு ரெண்டு இன்ச் மேலயோ பக்கவாட்டுலயோ போறது சாதாரணம், ஏன்னா உதையும் பேரல் அதிர்வும் மாறுது. அப்புறம் பழைய பெட்டியில மிச்சம் இருக்குற தோட்டா எல்லாத்தையும் வேட்டைப் பையிலேர்ந்து எடுத்து வீட்டு பீரோவுல வச்சுப் பூட்டிடுங்க, அவசரத்துல மேகஸின்ல ரெண்டும் கலந்துட்டா எது முதல்ல சேம்பருக்குள்ள ஏறுச்சுன்னு அந்த நேரத்துல யாருக்கும் தெரியாது.